வீட்டுக்கு வரும் மேல்நிலைக் கம்பிகளை மண்ணுக்கடியில் மாற்றுதல்: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், இசிப்பிங்கோ, வெருலம், டொங்காட் போன்ற பகுதிகளில் நம் குடும்பங்கள் வாழும் வீடுகளில் பல, கட்டிய காலத்து அளவில் இன்று இல்லை. 1960-களில் சாட்ஸ்வொர்த்தில் எழுந்த சிறு வீடுகள் பலவற்றின் மேல் ஒரு மாடி ஏறியிருக்கிறது; மகனுக்கோ வாடகைக்கோ பின்புறம் ஒரு வெளிக்கட்டு எழுந்திருக்கிறது; முன்வாசலில் கார் நிறுத்த ஒரு கூரை வந்திருக்கிறது. மேல்நிலை இணைப்புள்ள வீடுகளில், வீடு இப்படி வளர்ந்தபோதும் தெருக் கம்பத்திலிருந்து வரும் மின்கம்பி மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. தோட்டத்துக்கு மேலே எட்டாத உயரத்தில் ஓடிய கம்பி, இப்போது மாடிப்படியில் நிற்பவரின் கைக்கு அருகில் ஓடுகிறது. கல்யாணத்துக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் முற்றத்தில் கூடாரம் போடும்போது, அதன் இரும்புக் கால்களை நிமிர்த்துகிறவர்கள் அந்தக் கம்பிக்கு நேர் கீழே வேலை செய்கிறார்கள். கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. வீட்டின் தோற்றம் அழகாகும் என்பது அதற்குப் பின்பு வரும் காரணமே.

இந்த வேலையில் பணமும் காலமும் வீணாவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களே உள்ளன. எந்தக் கம்பி யாருடையது என்று தெரியாமல் வேலையைத் தொடங்குவது முதலாவது. தோண்டிய பள்ளத்தை மூடிய பிறகு, இன்னொரு குழாயையும் போட்டிருக்கலாமே என்று வருந்துவது இரண்டாவது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் தவிர்க்கும் நோக்கத்துடன் வரிசைப்படுத்தப்பட்டவை.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

ஒரு வீட்டுக்காரர் மாற்றக் கேட்கக்கூடியது, தெருக் கம்பத்திலிருந்து தம் வீட்டுக்கு வரும் தனி இணைப்பை மட்டுமே. கம்பங்களும் அவற்றுக்கிடையே ஓடும் தெருவின் பொதுக் கம்பிகளும் அப்படியேதான் இருக்கும். புதிய கேபிள், கம்பத்தின் மேலிருந்து ஒரு பாதுகாப்புக் குழாய்க்குள் கீழிறங்கி, நடைபாதை ஓரத்து மண்ணுக்கடியில் சென்று, வீட்டு எல்லையில் உள்ள மீட்டர் பெட்டியை அடைந்து, அங்கிருந்து வீட்டின் டிபி போர்டுக்கு, அதாவது சுவிட்சுகள் உள்ள மின் பகிர்வுப் பலகைக்குப் போகும். ஆகவே தெருக் கம்பியில் மரம் விழுந்தால் உங்கள் வீட்டிலும் மின்சாரம் போகும்; மின்வெட்டு அட்டவணைக்கும் இந்த மாற்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மண்ணுக்கடியில் போனால் எந்தக் கோளாறும் வராது என்று நினைப்பதும் சரியன்று. காற்றாலும் கிளையாலும் வரும் கோளாறுகள் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் புதைந்த கேபிளில் கோளாறு வந்தால் அது எங்கே என்று கருவி வைத்துத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு தோண்ட வேண்டும். 2022 ஏப்ரலில் குவாசூலு-நட்டாலில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த வெள்ளம், சரிவான நிலங்களில் மண்ணையே அரித்துக்கொண்டு போனதை நாம் பார்த்தோம். நிலம் நகரும் இடத்தில் புதைந்த கேபிளும் நகரும். உங்கள் வீடு செங்குத்தான சரிவில், தாங்குசுவர் இல்லாத மண்மேட்டின் ஓரத்தில் இருந்தால், முதலில் அந்தச் சரிவை உறுதிப்படுத்துங்கள். கேபிள் அதற்குப் பிறகு வரட்டும்.

முதல் படி: ஒவ்வொரு கம்பிக்கும் உரிமையாளரைக் கண்டறிதல்

ஒரு காகிதத்தில் வீட்டு மனையின் வரைபடத்தைப் போட்டு, மேலே தெரியும் ஒவ்வொரு கம்பியையும் கோடாக வரையுங்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்று வகைகள் இருக்கும்.

கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் மின்கம்பி, மின்சாரம் வழங்குபவருக்குச் சொந்தமானது. டர்பன் பெருநகரத்தில் அது இதெக்வினி நகராட்சியின் மின்துறை; பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முசுண்டூசி நகராட்சி; லாடியத்தில் ட்ஷ்வானே நகராட்சி. ஜோஹன்னஸ்பர்க்கின் பெரும்பகுதிக்குச் சிட்டி பவர் வழங்குகிறது என்றாலும், சோவெட்டோ, சாண்ட்டன் போன்ற பகுதிகளுக்கு எஸ்காம் நேரடியாக வழங்குகிறது. உங்கள் மின்கட்டண ரசீதில் அல்லது ப்ரீபெய்டு டோக்கன் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவரிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கம்பியை வீட்டுக்காரரோ அவர் அழைக்கும் எலக்ட்ரீஷியனோ தொட உரிமை கிடையாது. வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தாலும் இந்தக் கம்பியில் 230 வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் போகும் கேபிளும், பெரிய வீட்டிலிருந்து வெளிக்கட்டுக்கோ கராஜுக்கோ வெட்டவெளியில் தொங்கிச் செல்லும் கம்பியும் உங்களுடையவை. அவற்றின் பாதுகாப்புக்கும் நீங்களே பொறுப்பு என்று 2009-ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகள் சொல்கின்றன. வழங்குபவரின் பொறுப்பு முடிந்து உங்கள் பொறுப்பு தொடங்கும் அந்த முனை எங்கே என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மீட்டர் இப்போது வீட்டுச் சுவரில் இருந்து, மாற்றத்தின்போது எல்லைக்கு நகர்த்தப்பட்டால், அந்த முனையும் எல்லைக்கு நகர்ந்துவிடும். எல்லையிலிருந்து வீடு வரையுள்ள நீளம் முழுவதும் உங்கள் சொத்தாகவும் உங்கள் செலவாகவும் ஆகிவிடும். பலர் இதை மதிப்பீட்டுக் கடிதம் கைக்கு வந்த பிறகே கவனிக்கிறார்கள்.

மூன்றாவது வகை, பழைய தொலைபேசிக் கம்பியும் ஃபைபரும். ஃபைபரைப் பொறுத்தவரை, மாதக் கட்டணம் வாங்கும் இணைய நிறுவனம் வேறு. கம்பத்தில் கம்பியைக் கட்டிய நிறுவனம் வேறு. ஓப்பன்சர்வ், வூமா, ஃபிராக்ஃபுட் போன்ற வலையமைப்பு நிறுவனங்களே அந்த இழைக்கு உரிமையாளர்கள். கோரிக்கையை இணைய நிறுவனம் வழியாக அனுப்பினாலும் முடிவு எடுப்பது வலையமைப்பு நிறுவனம்தான். செம்புத் தொலைபேசிக் கம்பி பயன்பாட்டில் இல்லாமல் வெறுமனே தொங்கினால், அதை மண்ணுக்கடியில் மாற்றக் கேட்க வேண்டாம்; அகற்றித் தரும்படி கேளுங்கள். அதையும் நீங்களே வெட்டக் கூடாது. தரையிலிருந்து பார்த்து எது தொலைபேசிக் கம்பி, எது மின்கம்பி என்று முடிவு செய்வது உயிரோடு விளையாடுவதாகும்.

இரண்டாம் படி: மனையையும் தெருவையும் அளந்து பார்த்தல்

கம்பம் உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறதா, தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறதா என்பதே செலவை அதிகம் தீர்மானிக்கும். இந்தப் பக்கத்தில் இருந்தால் நடைபாதை ஓரத்தை மட்டும் தோண்டினால் போதும். எதிர்ப்பக்கத்தில் இருந்தால் தார்ச் சாலைக்கு அடியில் துளையிட்டுக் குழாய் செலுத்த வேண்டும், அல்லது சாலையை வெட்டி மீண்டும் போட வேண்டும்; இரண்டுமே மின்துறையோ அது நியமிக்கும் ஒப்பந்ததாரரோ செய்யும் வேலைகள், விலையும் அதற்கேற்ப ஏறும். அப்படிப்பட்ட நிலையில் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக் கேட்பது நல்லது. சாலைக்கு அடியில் ஒரே குழாய்ப் பாதை இரண்டு மூன்று வீடுகளுக்குப் பயன்பட முடியுமா என்று மின்துறையிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கம்பி பக்கத்து மனையின் மேலாக வந்தால் நிலைமை வேறு. மேலே செல்லும் கம்பிக்கு ஒப்புக்கொண்ட அண்டைவீட்டார், தம் மண்ணுக்கடியில் கேபிள் போவதற்கு ஒப்புக்கொள்வார் என்பதற்கு உறுதி கிடையாது. பாதையை உங்கள் எல்லைக்குள்ளேயே முடித்துக்கொள்வதே இரு குடும்பங்களுக்கும் நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பு அல்லது கூட்டுச் சொத்துரிமை வளாகம் என்றால் நிர்வாகக் குழுவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். வாடகைக்கு இருப்பவர் இந்த விண்ணப்பத்தைத் தாமாகச் செய்ய முடியாது. உரிமையாளரே கையெழுத்திட வேண்டும்.

அடுத்து, மண்ணுக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நகராட்சியில் உங்கள் வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கழிவுநீர்க் குழாயின் பாதை பெரும்பாலும் அதில் காட்டப்பட்டிருக்கும். தண்ணீர் மீட்டர் எங்கே இருக்கிறது, கழிவுநீர்த் தொட்டியின் மூடிகள் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்து அவற்றை இணைத்துக் கோடு போடுங்கள். அனுமதியில்லாமல் பின்னர் கட்டிய வெளிக்கட்டின் குழாய்கள் எந்த வரைபடத்திலும் இருக்காது. அவற்றை வீட்டின் மூத்தவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும். அதற்குப் பிறகும், தீர்மானித்த பாதையில் குறுக்கீடு இருக்கக்கூடிய இடங்களில் கையால் சிறு சோதனைக் குழிகள் தோண்டிப் பாருங்கள். மாமரம், பலாமரம் போன்ற பெரிய மரங்களின் அடியை விட்டு விலகிப் பாதையை அமையுங்கள். கருவேப்பிலைச் செடியைக் கொல்லையில் வைத்திருப்போர், அது பக்கவாட்டில் வேர்விட்டுப் புதுக் கன்றுகளை எழுப்பும் என்பதை அறிவார்கள். அதற்கும் இடம்விட்டே போக வேண்டும்.

மூன்றாம் படி: விண்ணப்பம், மதிப்பீடு, தோண்டல் அனுமதி

மேல்நிலை இணைப்பைப் புதைவட இணைப்பாக மாற்றக் கோரும் விண்ணப்பத்துடன், உரிமையாளரின் அடையாள ஆவணம், கடைசி நகராட்சிக் கட்டண ரசீது, நீங்கள் வரைந்த மனை வரைபடம், கம்பத்தையும் கம்பி வீட்டில் சேரும் இடத்தையும் காட்டும் படங்கள் ஆகியவற்றை இணைத்தால் வேலை தாமதமாகாது. நிலுவைத் தொகை இருந்தால் முதலில் அதைத் தீர்க்கச் சொல்வார்கள். இதே விண்ணப்பத்திலேயே மின்சார அளவையும் யோசித்துக் கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு இப்போது வரும் ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு 60 ஆம்பியராக இருந்து, வெளிக்கட்டில் இன்னொரு குடும்பமும் இரண்டாவது கீசரும் வரப்போகின்றன என்றால், பள்ளம் திறந்திருக்கும்போதே பெரிய கேபிளைப் போடுவதற்கும் பின்னால் மறுபடி தோண்டுவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

மின்துறை ஆய்வாளர் வந்து பார்த்த பிறகு மதிப்பீட்டுக் கடிதம் வரும். அதில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: அவர்கள் செய்யும் பகுதி எங்கே முடிகிறது, பள்ளம் தோண்டுவது யார் பொறுப்பு, பள்ளத்தின் ஆழமும் குழாயின் அளவும் என்ன, பழைய கம்பியையும் சுவரில் உள்ள தாங்கியையும் யார் அகற்றுவார்கள். இவற்றில் எதுவும் விடுபட்டிருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே திருத்திக் கேளுங்கள். நகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குவதால், புதிய கட்டணங்களும் அன்றிலிருந்தே நடைமுறைக்கு வரும். மே மாதம் வாங்கிய மதிப்பீடு ஜூலையில் செல்லாமல் போகலாம்.

எல்லைச் சுவருக்கு வெளியே உள்ள புல்தரையை நீங்களே வெட்டிப் பராமரித்து வந்தாலும் அது நகராட்சியின் நிலம். அங்கே தோண்ட 'வேலீவ்' எனப்படும் அனுமதி வேண்டும். அந்த மண்ணில் குழாயோ கேபிளோ வைத்திருக்கும் ஒவ்வொரு துறையும் தன் பாதையைக் காட்டிய பிறகே அது கிடைக்கும். மின்துறையே வெளிப்புறத்தைத் தோண்டுவதாக இருந்தால் அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் ஒப்பந்ததாரர் தோண்டுவதாக இருந்தால், அனுமதித் தாளைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே மண்வெட்டி எடுக்க விடுங்கள்.

காலத்தைப் பற்றி ஒரு கருத்து. டர்பன் பகுதியில் அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம். பெரியாவின் செம்மணல் போன்ற மண், காய்ந்திருக்கும்போது உறுதியாக நின்றாலும், நனைந்தால் பள்ளத்தின் ஓரம் சரிந்துவிடும். விண்ணப்ப வேலைகளை மழைக்காலத்தில் முடித்துக்கொண்டு, மே முதல் ஆகஸ்டுக்குள் தோண்டுவதே சிறந்தது. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கும் வீடுகளில், அந்த நாளில் முற்றத்தில் திறந்த பள்ளம் இருக்காதபடி நாளைக் குறியுங்கள்.

நான்காம் படி: எலக்ட்ரீஷியனைத் தேர்ந்தெடுத்தலும் கேபிளைத் தீர்மானித்தலும்

உங்கள் பகுதியின் வேலை முடிந்ததும் சிஓசி என்று எல்லோரும் அழைக்கும் மின் இணக்கச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் புதிய பகுதிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. அதில் கையெழுத்திடத் தகுதியுள்ளவர், வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறையில் பதிவுபெற்றவர் மட்டுமே. பதிவில் மூன்று நிலைகள் உண்டு: ஒற்றைக் கட்டச் சோதனையாளர், இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீஷியன், மாஸ்டர் இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீஷியன். வீட்டுக்கு மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) மின்சாரம் வருவதாக இருந்தால் முதல் நிலையில் உள்ளவரின் கையெழுத்து போதாது. உறவினர், தெரிந்தவர், கோயில் குழுவில் இருப்பவர் என்பதெல்லாம் நம்பிக்கைக்கு நல்லவை. பதிவு அட்டையையும் கேட்டுப் பாருங்கள். நல்ல வேலைக்காரர் அதற்காக வருத்தப்பட மாட்டார்.

கேபிளின் தடிமனை விலை பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. சான்ஸ் 10142-1 என்னும் தேசிய வயரிங் விதிமுறை, வழங்கும் முனையிலிருந்து வீட்டின் கடைசிப் பயன்பாட்டு இடம் வரை மின்னழுத்த இழப்பு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. 230 வோல்ட்டில் அது 11.5 வோல்ட். மீட்டரிலிருந்து டிபி போர்டு வரை 30 மீட்டர், மின்னோட்டம் 60 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பிவிசி காப்பு (இன்சுலேஷன்) உள்ள 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் ஒரு மீட்டருக்கு ஓர் ஆம்பியருக்கு ஏறத்தாழ 4.4 மில்லிவோல்ட் இழப்பு என்ற கணக்கில், இந்தத் தூரத்திலேயே ஏறத்தாழ 7.9 வோல்ட் போய்விடும். வீட்டுக்குள் இருக்கும் வயர்களுக்கு மீதமிருப்பது மிகக் குறைவு. 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அந்த எண் 2.8 என்பதால் இழப்பு ஏறத்தாழ 5 வோல்ட்டாகக் குறைகிறது. நீளமான மனைகளில் 16-ஐயே நான் பரிந்துரைப்பேன். இறுதிக் கணக்கை எலக்ட்ரீஷியன் எழுதித் தரட்டும்.

கம்பத்திலிருந்து வருவதற்குப் பயன்படும் 'ஏர்டாக்' வகைக் கேபிள் காற்றில் தொங்குவதற்கென வடிவமைக்கப்பட்டது. மனைக்குள் புதைப்பதற்கு எஃகுக் கம்பிக் கவசம் கொண்ட கேபிளையே போடுங்கள். எர்த் இணைப்புக்குக் கவசத்தை மட்டும் நம்பாமல், கேபிளுக்குள்ளேயோ அதன் அருகிலேயோ தனிச் செம்பு எர்த் கம்பி போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏன் இந்தக் கவசத்தை வலியுறுத்துகிறேன் என்பதை விளக்கியாக வேண்டும். வீட்டில் மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் கருவி இருக்கிறது, ஆகவே கவலையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கருவி டிபி போர்டில் இருக்கிறது. அது தனக்குப் பின்னால் உள்ள வயர்களை மட்டுமே காக்கும். மீட்டரிலிருந்து போர்டு வரை புதைந்திருக்கும் கேபிள் அதற்கு முன்னால் இருப்பதால், தோட்டத்தில் கடப்பாறை அந்தக் கேபிளில் இறங்கினால் எர்த் லீக்கேஜ் கருவி எதுவும் செய்யாது. கவசமும் ஆழமும் எச்சரிக்கை நாடாவும்தான் அங்கே பாதுகாப்பு.

ஐந்தாம் படி: பள்ளம்

ஆழத்தைப் பொறுத்தவரை மதிப்பீட்டுக் கடிதத்தில் உள்ள எண்ணே இறுதியானது. உங்கள் மனைக்குள் அது எதுவும் சொல்லாவிட்டால் கேபிளின் மேல் 600 மில்லிமீட்டர் மண் இருக்கும்படி தோண்டுங்கள். கார் ஏறும் பாதைக்கு அடியில் இன்னும் ஆழமாக, 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய்க்குள் கேபிளைக் கொண்டுபோங்கள். குழந்தைகளும் வயதானவர்களும் நடமாடும் வீடுகளில் பள்ளத்தை இரவில் திறந்து விடாதீர்கள்; விட நேர்ந்தால் பலகையால் மூடி, சுற்றிலும் தடுப்புக் கட்டி, தெருவிளக்கின் வெளிச்சம் படாத இடத்தில் ஒரு விளக்கும் வையுங்கள்.

அடியில் கூர்மையான கற்களை அகற்றிவிட்டு, சலித்த மணலை ஒரு படுக்கையாகப் பரப்பி, கேபிளை அதன் மேல் நேராக இழுக்காமல் சற்றுத் தளர்வாக இடுங்கள். மேலே மீண்டும் சலித்த மணல், அதன் மேல் மண், தரைக்கும் கேபிளுக்கும் நடுவில் மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை நாடா. பின்னாளில் யாராவது தோண்டும்போது முதலில் நாடா கண்ணில் பட வேண்டும் என்பதே அதன் பயன். கேபிளோடு ஒட்டிப் போட்டால் அந்தப் பயன் இல்லை. மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டு இடித்து இறுக்காவிட்டால் முதல் கோடை மழையிலேயே பள்ளம் அமிழ்ந்து, மேலே போட்ட கற்பாவு உடையும்.

மனைக்குள் கேபிளில் ஒட்டுப் போட அனுமதிக்காதீர்கள். மீட்டர் முதல் போர்டு வரை ஒரே துண்டாக இருக்க வேண்டும், ஏனென்றால் மண்ணுக்குள் ஈரம் புகும் முதல் இடம் ஒட்டுதான். கடையில் மீதமான துண்டுகளை இணைத்துச் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். வளைவுகளிலும் அவசரம் கூடாது. கேபிளின் வெளிவிட்டத்தைப் போல எட்டு மடங்குக்குக் குறையாத ஆரத்தில் வளைத்தால் கவசமும் காப்பும் கெடாது.

இப்போது வெற்றுக் குழாய்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு அறிவுரையை மட்டும் ஏற்பதாக இருந்தால் இதை ஏற்றுக்கொள்ளுங்கள்: மின்கேபிளைத் தவிர குறைந்தது இரண்டு குழாய்களை அதே பள்ளத்தில் போட்டுவிடுங்கள். ஒன்று ஃபைபருக்கு, மற்றொன்று பின்னாளில் வரும் வாசற்கதவு மோட்டார், காமிரா, வெளிக்கட்டு இணைப்பு ஆகியவற்றுக்கு. மொத்தச் செலவில் குழாயின் விலை மிகச் சிறியது. தோண்டும் கூலிதான் பெரியது. ஒவ்வொரு குழாயினுள்ளும் நைலான் கயிறு ஒன்றை நுழைத்து இரு முனைகளிலும் கட்டி வையுங்கள். முனைகளை மூடி போட்டு அடைக்காவிட்டால் மண்ணும் எறும்பும் புகுந்துவிடும். ஃபைபரில் மின்சாரம் ஓடுவதில்லை என்றாலும், அதை மின்கேபிளுடன் ஒரே குழாயில் போடக் கூடாது. பின்னர் ஃபைபரைச் சரிசெய்ய வருபவர் மின்கேபிளைத் தொட வேண்டிய நிலை ஏற்படவே கூடாது. மேலும், ஃபைபர் இழை கூர்மையான முழங்கை வளைவைத் தாங்காது. அந்தக் குழாயில் நீண்ட வளைவுகளையே பயன்படுத்துங்கள்.

மூடுவதற்கு முன், சுவரின் மூலையிலிருந்தும் எல்லைக் கல்லிலிருந்தும் கேபிள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று அளவுகோலை வைத்தே படமெடுங்கள். ஆய்வாளர் திறந்த பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தால், அவர் பார்த்துக் கையெழுத்திடும் வரை ஒரு கூடை மண்ணும் விழக் கூடாது.

ஆறாம் படி: மாற்றும் நாள்

வழங்குபவரின் குழு பழைய இணைப்பைக் கம்பத்தில் துண்டித்துப் புதிய கேபிளை இணைக்கும் நாளில் வீட்டில் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. இன்சுலின் போன்ற குளிரில் வைக்கும் மருந்தோ, ஆக்சிஜன் இயந்திரமோ உள்ள வீடுகள் முன்கூட்டியே பக்கத்து வீட்டில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ப்ரீபெய்டு மீட்டரை மாற்றப் போகிறார்கள் என்றால், பழைய மீட்டரில் மீதமுள்ள யூனிட்டுகளைக் காட்டும் திரையைப் படமெடுத்து, அவை புதிய மீட்டருக்கு மாற்றப்படுமா என்று எழுத்தில் கேளுங்கள். அந்த வாரத்தில் அதிக டோக்கன் வாங்கி ஏற்ற வேண்டாம்.

கூரையில் சூரியத் தகடும் இன்வெர்ட்டரும் இருந்தால் அதை விண்ணப்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். குழு கம்பத்தில் வேலை செய்யும்போது உங்கள் இன்வெர்ட்டரிலிருந்து மின்சாரம் வெளியே போனால் அவர்கள் உயிருக்கே ஆபத்து. அன்று காலையிலேயே எலக்ட்ரீஷியனை வரவழைத்து அதை முறையாகத் தனிமைப்படுத்துங்கள்.

இணைப்பு கொடுக்கும் முன் எலக்ட்ரீஷியன் கேபிளின் காப்புத் தடையை 500 வோல்ட் கருவியால் சோதிக்க வேண்டும். 1 மெகா ஓம்முக்குக் குறைந்தால் ஏற்க முடியாது, புதிய கேபிளில் அதைவிடப் பல மடங்கு வர வேண்டும். எர்த் தொடர்ச்சி, முனைகளின் துருவம், எர்த் லீக்கேஜ் துண்டிப்பு ஆகியவையும் சோதனை அறிக்கையில் எண்களுடன் இருக்க வேண்டும். அறிக்கை இல்லாத வெறும் சான்றிதழ் தாள் செல்லாது. வீட்டை விற்கும்போது சிஓசி இரண்டு ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது என்றாலும், இந்த வேலைக்கான சான்றிதழை எப்போதும் வைத்திருங்கள். தீ விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் காகிதங்களில் அது ஒன்று.

அதே நாளில் டிபி போர்டில் மின்னெழுச்சித் தடுப்பானையும் (சர்ஜ் அரெஸ்டர்) பொருத்தச் சொல்லுங்கள். உங்கள் இணைப்பு மண்ணுக்குள் போய்விட்டாலும் தெருக் கம்பி இன்னும் மேலேதான் இருக்கிறது. அதில் இடி விழுந்தால் அந்த எழுச்சி உங்கள் வீட்டுக்கும் வரும். லெனேசியா, லாடியம் போன்ற ஹைவெல்ட் பகுதிகளில், கோடை மாலைகளில் இடி மிகுதி என்பதால், இது தவிர்க்கக் கூடாத செலவு.

பணம் குறைவாக இருந்தால்

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாத குடும்பங்கள், பெரிய வீட்டிலிருந்து வெளிக்கட்டுக்குத் தொங்கும் கம்பியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் சொந்தக் கம்பி என்பதால் நகராட்சியின் மதிப்பீட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனும் சிஓசியும் போதும். ஆபத்தும் பெரும்பாலும் அங்கேதான் அதிகம்: துணி உலர்த்தும் கொடிக்கு அருகே, குழந்தைகளின் தலைக்குச் சற்று மேலே, வீட்டுக்குள் போடும் சாதாரண வயரே வெயிலில் வெடித்துத் தொங்குவதை எத்தனையோ கொல்லைகளில் காணலாம். அந்தப் பள்ளத்தைத் தோண்டும்போதே, தெருப்பக்கம் வரை ஒரு வெற்றுக் குழாயையும் போட்டுவிட்டால், பிறகு வரும் பெரிய வேலையில் பாதி முடிந்துவிடும். கற்பாவு போடவோ புதிய எல்லைச் சுவர் கட்டவோ திட்டமிடுகிறவர்களும் அதற்கு முன்பே குழாயைப் புதைத்துவிட வேண்டும்.

கேபிள் திருட்டைப் பற்றிய அச்சம் நியாயமானது. 2022 நவம்பர் 30 அன்று அரசு செம்புக் கழிவு ஏற்றுமதிக்கே தடை அறிவிக்கும் அளவுக்கு இந்நாட்டில் அந்தத் திருட்டு வளர்ந்திருந்தது. மனைக்குள் ஆழமாகப் புதைத்த கவசக் கேபிளை எடுப்பது கடினம். எளிதில் இழுக்கக்கூடிய இடம், எல்லையிலுள்ள மீட்டர் பெட்டிக்கும் மண்ணுக்கும் இடையே வெளியே தெரியும் சிறு பகுதிதான். அதை இரும்புக் குழாய்க்குள் கொண்டுபோய் அடியில் சிமெண்ட் இட்டு இறுக்குங்கள். வேலை நடக்கும் நாள்களில் கேபிள் சுருளை இரவில் முற்றத்தில் விட்டுவைக்க வேண்டாம்.

வேலைக்குப் பிறகு

பழைய கம்பி போன பின்பு சுவரிலும் கூரை விளிம்பிலும் இருக்கும் இரும்புத் தாங்கியை, கம்பத்து முனை துண்டிக்கப்பட்டதை மின்துறைக் குழு உறுதிசெய்த பிறகே கழற்றுங்கள். அது இருந்த துளைகள் வழியாக மழைநீர் கூரைக்குள் இறங்கி மரச்சட்டத்தை அழிக்கும். நீர்புகாப் பூச்சால் அடைத்து, அக்டோபர் மழைக்கு முன்பே வண்ணம் பூசிவிடுங்கள். பாதையின் வரைபடத்தையும் படங்களையும் சிஓசியுடன் ஓர் உறையில் போட்டு, இன்னொரு பிரதியை டிபி போர்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வையுங்கள். தோட்ட வேலைக்கோ குழாய் வேலைக்கோ வருபவர்களிடம், மண்வெட்டியை எடுக்கும் முன்பே அதைக் காட்டுங்கள்.